எதிர்வீட்டு மாமியின் லிஃப்ட்

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். அடையாறில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டு மாமா இறந்த பிறகும், அவர் ஆபீஸிலிருந்து திரும்பும் நேரத்துக்கு மாமி காபி கலந்து வைப்பார். அவர்கள் வீட்டு நாய் லிஃப்ட் முன்னால் போய் உட்காரும்.

ஒரு மாலை எனக்குப் பொறுக்கவில்லை. நடத்தையியல்படி நாய்க்கு அது வெறும் பழக்கம், உளப்பகுப்பாய்வின்படி மாமியின் ஆழ்மனம் இழப்பை ஏற்கவில்லை, அறிதல் உளவியலைக் கேட்டால் அவர் எண்ணத்தில்தான் கோளாறு என்று வாசலில் நின்றே பாடம் எடுத்தேன்.

"நாய்க்குப் பழக்கம், எனக்கு மனசு. சரிடிம்மா," என்றார் மாமி. "யாரும் பட்டன் அமுக்காம தினம் அந்த நேரத்துக்குக் காலியா வரதே, இந்த லிஃப்டை யாரு பழக்கினா?"

அப்போதே லிஃப்ட் வந்து நின்றது. உள்ளே யாருமில்லை. நாய் எழுந்து, யார் முகத்தையோ அண்ணாந்து பார்த்து வாலாட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தது.

இன்றும் மூன்று கோட்பாடுகளையும் ஒப்பிட்டு வகுப்பெடுக்கிறேன். வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் போகிறேன்.