பூக்காத காலத்துக் கரியில் பூமரத்துப் பிசின்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு நிலக்கரி வந்தால், சாம்பலையும் ஈரத்தையும் பார்த்து அனுப்பிவிடுவோம். அந்த வெள்ளிக்கிழமை அது போதவில்லை. பூந்தமல்லி கரி வியாபாரி பாய், பல கோடி வருஷப் பழைய கரியில் மட்டமான, வயது குறைந்த பழுப்பு நிலக்கரியைக் கலந்துவிட்டார் என்று சரக்கு வாங்கும் தொழிற்சாலைக்குச் சந்தேகம். கலப்படம் என்று வந்தால் அவர் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். மனுஷன் காலையிலிருந்து எங்கள் வாசல் அறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

எந்த மரம் கரியானது என்பதற்கு அதற்குள்ளேயே வேதித் தடயம் மிச்சமிருக்கும். பாயின் கரி, பூக்கும் மரமே பூமியில் இல்லாத காலத்தது. கருவியின் திரையிலோ பூமரத்துப் பிசினின் கோடு ஓங்கி நின்றது. பழுப்பு நிலக்கரிதான் பூமரங்கள் வந்த பிறகு உண்டானது.

"கலப்படந்தான். எழுதிடும்மா," என்றார் பின்னால் நின்ற மேலாளர்.

"இருங்க சார், பறக்காதீங்க!"

மற்ற தடயங்களெல்லாம் நன்றாக முதிர்ந்த கரி என்றே சொல்லின. இந்தப் பிசின் மட்டும் நேற்று மரத்தில் வடிந்த மாதிரி பச்சையாக இருந்தது. மண்ணுக்குள் கிடந்திருந்தால், பழுப்பு நிலக்கரியில்கூடக் கொஞ்சமாவது உருமாறியிருக்குமே!

மேலாளர் வெளியே போனார். நான் கரியே சேர்க்காமல், அதே பாத்திரங்களில் வெறும் கரைப்பானை மட்டும் ஊற்றிக் கருவியில் ஓட்டினேன். அதே இடத்தில் அதே கோடு எழுந்தது. அப்படியானால் பிசின் கரியிலிருந்து வரவில்லை.

பழகிய வாடை என்பதால் அதுவரை தோன்றவேயில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மேலாளர் சாம்பிராணிக் கரண்டியோடு ஓர் அறையையும் விடமாட்டார். அன்றும் குங்கிலியத்தை அள்ளிப் போட்டு, கரி அரைத்து வைத்த மேசைக்கு மேலேயே சுற்றியிருந்தார். குங்கிலியம் பூமரத்துப் பிசின்தானே! புகை போகாத மாடி அறையில் புதிதாக அரைத்து ஓட்டினேன். கோடு காணோம்.

"அறிவிருக்கா சார் உங்களுக்கு?" என்று கீழே வந்து மேலாளரிடம் கத்திவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போனது. "கலப்படம்னு அப்பவே அவங்களுக்கு போன் பண்ணிட்டேனேம்மா."

வாசல் அறையிலிருந்தே, கலப்படம் இல்லை என்று தொழிற்சாலைக்குப் பேசினேன். "விடுங்கம்மா. வேற ஆளைப் பார்த்தாச்சு," என்று வைத்துவிட்டார்கள்.

பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னாம்மா, என் சரக்கு சுத்தந்தானே?"

"சுத்தம் பாய். தப்பு எங்களுது."

"அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா. அவங்களுக்கு இல்ல, ஊட்ல காட்டணும். என் புள்ளையே என்னைத் திருடன்னு நெனச்சுகினு கீறான்."