அளவு பார்க்க வந்த ஷூ

உங்கள் வண்டியைப் பழுது பார்ப்பவரின் வீட்டுக்குள் நீங்கள் எப்போதாவது போய் உட்கார்ந்ததுண்டா? அவர் நீட்டிய சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்ததுண்டா? உண்டு என்றால் இந்தக் கதை உங்களுக்குச் சிரிப்பு மூட்டும். இல்லை என்றால் கொஞ்சம் சுடும். சுடட்டும்.

வேப்பனப்பள்ளி சம்பங்கிக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாந்தோப்பு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அவருடையது. ஆறடி உயரம், அதற்கேற்ற வயிறு. கார்ப் பந்தயம் என்றால் உயிர். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய விமானத் தளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பந்தயத்துக்குத் தன் அப்பா வாங்கிய ஃபியட் காரை ஓட்டிக்கொண்டு போவார். மூன்று ஆண்டுகளாகப் போனார். மூன்று முறையும் கடைசியாக வந்தார்.

அந்த ஃபியட்டைப் பழுது பார்த்தவள் முனிலட்சுமி. உத்தனப்பள்ளிக்காரி. ஐந்தடி உயரம்கூட இருக்க மாட்டாள். குரல் மட்டும் ஓசூர் பஸ் நிலையம் வரை கேட்கும். அவளுடைய அப்பா திம்மப்பன் சம்பங்கி குடும்பத்துத் தோப்பில் கூலி. மாங்காய் ஏற்றிக்கொண்டு டிராக்டர் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போகும்போது ஓட்டுபவருக்குப் பக்கத்தில் மட்கார்டு மேல் போட்ட சீட்டு காலியாகவே இருக்கும். திம்மப்பன் அதில் உட்கார்ந்ததில்லை. பின்னால் டிரெய்லரில் மாங்காய்க்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போவார், நின்றபடியே வருவார். முதுகில் மாங்காய் மூட்டை ஏறலாம். சீட்டில் மட்டும் முதுகு சாயக்கூடாது! இதை யார் எந்தக் கல்லில் செதுக்கி வைத்தார்கள்? யாரும் இல்லை. ஆனால் ஊரே கடைப்பிடித்தது.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது முனிலட்சுமி ஒரு பட்டறையில் பெருக்குகிற வேலைக்குப் போனாள். லேத்து ஓட்டுகிறவன் வராத ஒரு நாளில் தானே போய் நின்றாள். பிறகு யாராலும் அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. சாமான் ஏற்றிப் போகிற டெம்போவையும் ஓட்டக் கற்றாள். பட்டறைக்கும் பெங்களூருக்கும் அவள் ஓட்டாத நாள் இல்லை. பந்தயக் கார்களை முதன்முதலில் பார்த்ததும் அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. அதில் தானும் ஒரு நாள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

வெல்டிங் தெரிந்த கோவிந்தப்பனைக் கட்டிக்கொண்டாள். இருவருமாக ராயக்கோட்டைச் சாலையிலிருந்து காலனிக்குள் திரும்பும் மண்பாதையில் தகரக் கொட்டகை போட்டார்கள். சம்பங்கியின் கார் அந்தக் கொட்டகைக்குள் வரும். சம்பங்கி வர மாட்டார். சாலையிலேயே ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடிப்பார். இவள்தான் கையைத் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும். அப்பா அவரைச் "சாமி" என்பார். இவள் "சார்" என்பாள். அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தும்.

1989இல் அந்த ஹாரன் ஒரு நாள் நீளமாகவே அடித்தது.

"ஏ புள்ளே, இந்த வருசம் நான் ஜெயிக்கணும். என்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

"இந்த எஞ்சின வெச்சிக்கினு மாங்கா மண்டிக்குப் போலாம் சார். பந்தயத்துக்குப் போக முடியாது."

சூளகிரிக்கு அருகே நெடுஞ்சாலையில் பின்பக்கம் நொறுங்கிய ஒரு காண்டெசா கார் பழைய வண்டி உடைப்புக் கடையில் கிடந்தது. உள்ளே ஜப்பான்காரன் எஞ்சின், ஐந்து கியர் பெட்டியோடு அப்படியே இருந்தது. ஃபியட்டைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். அதைத் தூக்கி ஃபியட்டுக்குள் வைத்துவிடலாம் என்றாள். சம்பங்கி ஒப்புக்கொண்டார். கோவிந்தப்பன்தான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஆட்டுக்குட்டி வயித்துல எருமக் கன்னா? தாங்குமாம்மே?"

"நீ பத்த வெக்கிற எடத்துல நல்லா பத்த வெச்சா தாங்கும்."

வைத்தார்கள். ஃபியட்டின் பழைய எஞ்சின் இருந்த அதே இடத்தில் புதியதை உட்கார வைத்து, சூளகிரிப் பக்கம் ஓட்டிப் பார்த்தார்கள். நேர்ச்சாலையில் கார் பறந்தது. முதல் வளைவில் முனிலட்சுமி ஸ்டீயரிங்கை ஒடித்தாள். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேராக ஒரு ராகிக் கொல்லைக்குள் போய் நின்றது.

கோவிந்தப்பன் தலைமுடியிலிருந்த கதிரைப் பிடுங்கினான். "பந்தயத்துக்கு வந்தமா, அறுப்புக்கு வந்தமா?"

காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. பாரம் எல்லாம் மூக்கில். எஞ்சினை ஒன்றரைச் சாண் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் தகட்டை வெட்ட வேண்டும். கியர் பெட்டி அவர் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மிதிகட்டைகள், ஸ்டீயரிங் எல்லாம் பின்னால் வரும். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இரும்புக் குழாயில் ஒரு கூண்டு சீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அதனால் சீட்டைப் பின்னால் தள்ளவும் வழியில்லை. எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது அவள் சாலைக்கு ஓடினாள்.

"சார், ஒரு தடவ வந்து சீட்ல உட்காருங்க. அளவு பாக்கணும்."

"நான் எதுக்கு அங்க வரணும்? காரை இங்க உருட்டிக்கினு வா."

"எஞ்சின் சங்கிலில தொங்குது சார். பத்த வெச்சிட்டா அப்புறம் மாத்த முடியாது. தொங்கறப்பவே நீங்க உட்காரணும்."

"என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் சார். காருக்குத் தெரியணுமே!"

சம்பங்கி மண்பாதையைப் பார்த்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை. கொட்டகை வாசலில் திம்மப்பன் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. ஜீப் கிளம்பிவிட்டது. இரண்டாம் முறை சொல்லியனுப்பினாள், பதில் இல்லை. மூன்றாம் முறை சொல்லியனுப்பியபோது தோப்பு ஆள் ஒருவர் மாங்காய்க் கூடையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். உள்ளே சம்பங்கியின் ஷூ ஒரு ஜோடி.

கோவிந்தப்பன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். "ஆளு வரல, ஷூ வந்திருக்கு. சூடம் காட்டிட்டு வேலய ஆரம்பிக்கலாமா?"

"சூடமெல்லாம் வேணாம். மிதிகட்டைக்கு அளவெடுத்துட்டு ஆணில மாட்டு."

மிதிகட்டைகளின் அகலத்தை அந்த ஷூவைக் கொண்டு அளந்தாள். மற்றதற்கு? ஓட்டுகிறவரின் முழங்கால் எங்கே மடங்கும், கை எவ்வளவு நீளும் என்று ஷூ சொல்லாது. கொட்டகையில் இருந்தது அவளுடைய உடம்பு. அவளே உட்கார்ந்தாள். எழுந்து நகர்த்தினாள், மறுபடி உட்கார்ந்தாள். எங்கே வைத்தால் கார் சரியாகத் திரும்பும் என்று கணக்குச் சொன்னதோ அந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தினாள். கோவிந்தப்பன் பற்றவைத்தான். அதே சூளகிரி வளைவில் கார் இப்போது கயிற்றில் கட்டியதுபோல வளைந்தது.

சம்பங்கி முன்கூட்டியே மனைவி ருக்மணியுடனும் விருந்தாளிகளுடனும் பெங்களூர் போய்விட்டார். காரை மாங்காய் லாரியில் ஏற்றி நேராகப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். திம்மப்பனும் லாரியின் பின்னால் நின்றபடி வந்தார்.

விமானத் தளத்தில் சம்பங்கி வெள்ளை உடையில், புது ஷூவோடு வந்தார். கையில் நான்கு எலுமிச்சம்பழம், சக்கரத்துக்கு அடியில் வைக்க. முதலில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு காலை உள்ளே விட்டார். மறுகாலை விட்டபோது ஸ்டீயரிங் வயிற்றில் புதைந்தது. முழங்கால்கள் தகட்டில் முட்டி நின்றன. கிளட்சை மிதிக்க முடியவில்லை. வெளியே வரவும் முடியவில்லை. கோவிந்தப்பனும் இன்னொருவரும் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். தொடக்கூடாதவன் தொட்டுவிட்டானே என்று பார்க்க அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"ஏ புள்ளே! என்னா பண்ணி வெச்சிருக்க என் காரை?"

"ஷூ சரியா உட்காருதான்னு பாருங்க சார். அளவுக்கு அதுதானே வந்துச்சு!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சீட்டைத் தள்ளு என்றார் சம்பங்கி, பற்றவைத்தாகிவிட்டது என்றாள். பக்கத்தில் நின்ற பெங்களூர் ஓட்டுநர் ஒருவரைக் கெஞ்சினார். அவர் உள்ளே பார்த்துவிட்டு, "எஞ்சின் மடியில இருக்குது சார், பேடா, வேண்டாம்" என்று நகர்ந்தார்.

அதுவரை பேசாமலிருந்த ருக்மணி கேட்டாள்: "இதுல யாராலதான் உட்கார முடியும்?"

"என்னால முடியும்மா," என்றாள் முனிலட்சுமி.

சம்பங்கியின் முகம் கறுத்தது. "எங்கப்பா வாங்கின காரு. அதுல நீ உட்கார்றதா?"

இதோ, வந்துவிட்டது! மூன்று முறை கூப்பிட்டும் வராத ஆள் எதனால் வரவில்லை என்பது நட்ட நடு மைதானத்தில் வெளிச்சமாகிவிட்டது. முனிலட்சுமி குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கப்பா ஆயுசெல்லாம் உங்க டிராக்டர்ல நின்னுக்கினே வந்தாரு சார். நான் தெனமும் இதுல உட்கார்ந்துதான் வேல செஞ்சேன். தீட்டுன்னா அது எப்பவோ ஒட்டிக்கிச்சு. காரை லாரில ஏத்திக்கினு திரும்பறதா, ஓட்டறதா? நீங்களே சொல்லுங்க."

"மூணு வருசம் கடசியா வந்தீங்க," என்றாள் ருக்மணி கணவரிடம். "இந்த வருசம் ஓட்டாமயே கடசியா வரப் போறீங்களா? விருந்தாளிங்க பாத்துக்கினு இருக்காங்க."

சம்பங்கி ஹெல்மெட்டை நீட்டினார். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. கோவிந்தப்பனின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மாட்டினாள். எலுமிச்சம்பழங்களை என்ன செய்வது என்று அவன் கேட்டான். "புழிஞ்சு உப்பு போட்டுக் குடு. தொண்ட காயுது," என்றாள்.

பந்தய அதிகாரி தயங்கினார். "பொம்பளைங்க பந்தயம் காலையிலயே முடிஞ்சுதேம்மா."

"இதுல பொம்பள ஓட்டக்கூடாதுன்னு உங்க விதில எங்க சார் இருக்குது?"

புரட்டிப் பார்த்தார். எங்கும் இல்லை. மருத்துவர் நாடியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் அவள் பின்வரிசையில் இருந்தாள். நேர்ப்பாதையில் அவளும் மற்றவர்களைப்போலத்தான் போனாள். வித்தியாசம் ஓடுபாதை முடிந்து திரும்பும் வளைவில் தெரிந்தது. மற்றவர்கள் தூரத்திலேயே பிரேக் பிடித்தார்கள். மூக்குக் கனத்த கார்கள் வெளிப்பக்கம் சறுக்கிப் புழுதி கிளப்பின. முனிலட்சுமி கடைசி நொடிவரை ஆக்சிலரேட்டரை மிதித்து, கியரை ஒன்று குறைத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். எஞ்சின் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உறுமியது. கார் அப்படியே மடங்கியது. சுற்றுக்கு ஒருவராக, வளைவுக்கு ஒருவராகப் பின்னால் போனார்கள்.

கடைசிச் சுற்றில் முன்னால் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிவப்புக் கார். அதன் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து உள்வழியை அடைத்தார். அவள் வெளிப்பக்கம் போனாள். சறுக்கிப் புழுதிக்குள் போய்விடுவாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கோவிந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் ஒன்றரைச் சாண் பின்னால் வைத்த எஞ்சின் அவளைக் கைவிடவில்லை. வளைவு முழுக்கச் சிவப்புக் காரோடு தோள் உரசுவதுபோல ஒட்டி வந்து, வெளியேறும்போது ஒரு கார் நீளம் முன்னால் இருந்தாள். அந்த நீளத்தை அவள் முடிவுக் கோடு வரை விடவில்லை.

"யாரு வந்தது, யாரு வந்தது?" என்று கண்ணைத் திறந்தான் கோவிந்தப்பன்.

"உம் பொண்டாட்டிய்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் நேராக வேலி ஓரம் போனாள். பந்தயம் முழுவதும் அங்கே நின்றிருந்த திம்மப்பனைக் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்து வந்தாள். "உட்காருப்பா." அவர் சம்பங்கியைப் பார்த்தார். "அங்க என்ன பாக்கற? நான் சொல்றன், உட்காரு." உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். அப்பாவும் மகளும் ஒரே உயரம். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. அவருக்கு அளவு சரியாகவே இருந்தது.

ஊர் திரும்பியதும் சாலையில் ஹாரன் கேட்டது. அடுத்த ஆண்டுக்குத் தன் உடம்புக்கு ஏற்றபடி மாற்றித்தர வேண்டும் என்றார் சம்பங்கி.

"தாராளமா சார். வெட்டி வெச்சிடறன். நீங்க வந்து உட்காருங்க."

அவர் மண்பாதையைப் பார்த்தார். வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. பந்தயத்தை விடவும் மனமில்லை, அந்தப் பாதையில் நடக்கவும் மனமில்லை! ஆகவே சீட்டு அவளிடமே இருந்தது. ஆறு ஆண்டுகள் முனிலட்சுமி அந்தக் காரை ஓட்டினாள். தோற்றதைவிட ஜெயித்ததுதான் அதிகம். ருக்மணி மட்டும் ஒரு நாள் தனியாக நடந்து வந்தாள். கொட்டகையில் உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள், பிறகு ஓட்டக் கற்றுத்தரச் சொன்னாள். அவளும் குள்ளம்தான்.

அந்த ஷூ இன்னும் ஆணியில் தொங்குகிறது. கேட்டு யாரும் வரவில்லை.

உங்களுக்காக யாரோ ஒருவர் எங்கோ ஒரு தெருவில் இப்போது வேலை செய்துகொண்டிருப்பார். சாலையில் நின்று ஹாரன் அடிக்காதீர்கள். நாளைக்கே அந்தத் தெருவுக்குள் நடந்து போங்கள், உட்காருங்கள், கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள். ஷூவை அனுப்பாதீர்கள்; நீங்களே போங்கள்.