நாற்பத்தோரு தப்படி

மாமா வாசலில் நின்றபடியே செருப்பைக் கழற்றுவார். இரண்டையும் கையிலெடுத்து ஒன்றோடொன்று மூன்று தட்டு. பிறகு கம்பியில் தொங்கும் ஈரத்துணியால் அடிப்பாகத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பார். கால் கழுவிய பிறகுதான் உள்ளே வருவார். பாட்டரி கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஈயம் உருக்கியவர். அங்கே போட்ட சட்டம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். தெருவில் அவருக்கு ‘ஈரத்துணி’ என்றே பேர்.

கம்பெனி மூடி ஒன்பது வருஷம் கழித்து, கட்டடங்களை இடித்துவிட்டு அந்த நிலத்தில் குறைந்த விலை வீடுகள் கட்டுவதாக அறிவித்தார்கள். குலுக்கலில் மாமாவுக்கு மூன்றாவது பிளாக்கில் தரைத்தளம் விழுந்தது. அத்தை போய்ச் சேர்ந்த பிறகு அவரும் மகளும் மாப்பிள்ளையும் இரண்டு வயதுப் பேத்தியும் வெல்டிங் கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்தார்கள். மாப்பிள்ளை திரும்பிப் படுத்தால் மாமா எழுந்து உட்கார வேண்டும்.

மகள் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். அவர்கள் ஜன்னலுக்கு எதிரே பச்சையாக ஒரு சதுரம், குழந்தைகள் விளையாட. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அங்கதாம்மா கசடுக் குழி. ஈயக் கசடு, ஆசிட்டு எல்லாத்தையும் வண்டியில தள்ளிட்டுப் போய் நாங்கதான் கொட்டுனோம்.”

“அதான் மண்ண சோதிக்கப் பன்னெண்டு எடத்துல துளை போட்டுப் பாத்துட்டாங்களேப்பா.”

“பன்னெண்டும் வேற எடம்.”

“நீங்க வாயத் தொறந்தா வேலை நிக்கும். புண்ணியம் உங்களுக்கு. இந்த ரூமுல கெடந்து வேகுறது நாங்க.”

மூன்று நாள் இருவருக்கும் பேச்சில்லை. நான்காம் நாள் மாமா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மண் சோதிக்கும் எஞ்சினியரிடம் போனார்.

“எந்த எடம், பெரியவரே?”

எங்கும் வெட்டவெளி, பழைய தண்ணீர்த் தொட்டி மட்டும் மிச்சம். அங்கிருந்து நாற்பத்தோரு தப்படி, வண்டி தள்ளிய காலத்தில் அவர் மனசில் பதிந்த கணக்கு. எண்ணி நடந்தார். துளையில் சுத்தமான செம்மண் வந்தது.

“ஈரத்துணி இங்கயும் தொடச்சுட்டாருடோய்!” என்றார் துளை போடுபவர், எங்கள் தெருக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

மாமா தொட்டிக்கே திரும்பினார். “கணக்கு சரிதான் சார். காலுதான் குறுகிப்போச்சு. அப்பல்லாம் எட்டி வைப்பேன்.” சாக்கடை தாண்டுகிறவர் போல ஒவ்வோர் அடியையும் இழுத்து இழுத்து வைத்தார். நாற்பத்தொன்று. இந்த முறை சாம்பல் நிறச் சேறு வந்தது. நெடி தொண்டையைப் பிடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் தகர வேலி போட்டார்கள். மூன்றாவது பிளாக்கையே நிறுத்திவிட்டார்கள்; அதில் பேர் விழுந்தவர்கள் மறு குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டுமாம், எப்போது என்று யாருக்கும் தெரியாது. “ஊரக் காப்பாத்துன மகராசன் போறாரு, வழி விடுங்கப்பா” என்று தெருவில் குரல் எழும். மகள் தட்டில் சோறு வைப்பாள். பேச மாட்டாள். மாமா சாப்பிட்டுவிட்டு வெளிப்படியில் வந்து உட்காருவார்.

ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில், மாமாவோடு ஈயம் உருக்கியவர் ஒருவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் கம்பெனிச் செருப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

“சட்டமா? யாரு சொன்னது? நாங்கல்லாம் அதே செருப்போடதான் வீட்டுக்குள்ள போவோம். உங்க மாமாவும் அப்படித்தான். அவரு மூத்த பையன் அந்தச் செருப்ப வாயில வச்சுக்கிட்டே தவழும். மூணு வயசாகியும் பேச்சு வரல. அப்புறம் வலிப்பு வந்து செத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ஈரத்துணியெல்லாம். இந்தப் பொண்ணு பொறந்தது அடுத்த வருஷம்.”

மாமாவுக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.