மாம்பழச்சாலையில் ஏறுபவளுக்கு ஒரு சீட்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதும் எண்ணிப் பார்த்தேன். நிற்பவர்கள் பதினொரு பேர். காலி சீட் ஒன்றே ஒன்று. அதிலும் ஒரு ஸ்கூல் பை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட பெண், ஏழாவது படிப்பவளாக இருக்கும், பையின் மேல் கை வைத்துக் காவல் காத்தாள்.

“யாரும்மா வராங்க?”

“என் பெஸ்ட் ஃப்ரெண்ட், தாத்தா. மாம்பழச்சாலையில ஏறுவா.”

மாம்பழச்சாலையில் அந்தத் தோழி ஏறினாள். இவள் கையசைத்தும் பார்க்காதவள் போலப் பின்பக்கம் போய், வேறொருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உக்காருங்க தாத்தா. ஒரு மாசமா இப்படித்தான் பண்றா.”

“அப்புறம் எதுக்கும்மா இடம் பிடிச்சு வைக்கிற?”

“திடீர்னு மனசு மாறி வந்தா, பாவம், நிக்கணுமே?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே, “எங்க சயின்ஸ் மிஸ் தவளைக்குப் பயந்த கதை சொல்லவா? அவளுக்குன்னுதான் வச்சிருந்தேன்,” என்றாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, அதே பஸ்தான். மாம்பழச்சாலை நெருங்கும்போதே படிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். இன்றைக்காவது அந்தத் தோழி வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் வந்துவிட்டால், அன்றைய கதை எனக்குத் தெரியாமலே போய்விடுமே!