சாவி அக்காவும் நின்றுபோன லிஃப்டும்

சாவி அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவர். நெடுநெடுவென்று உயரம், மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் எப்போதும் இன்ச் டேப். அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கொஞ்சம் அதிகமாகத்தான் புகழ்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பட்ட நன்றிக்கடன் அப்படி.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கை நடுங்குகிறவன் லிஃப்டைத் தொடக் கூடாது, குடியை விட்டுவிட்டு வா என்று சூப்பர்வைசர் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இவரோ அக்கம்பக்கம் தெரியக் கூடாதென்று தினமும் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் போய் உட்காருவார். பூங்காவிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பெட்டி கட்டிவிட்டேன். அதைப் பார்த்த பிறகுதான், "சரி, ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டத்துக்கு வரேன்" என்றார்.

குடியை விட்டவர்கள் வாரம்தோறும் கூடும் கூட்டம் அது. மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து நான்தான் போன் செய்திருந்தேன். எடுத்த பெண் எதையும் துருவவில்லை. "சாயங்காலம் வாங்க. நூலகத்துக்கு எதிர்க் கட்டடம், மூணாவது மாடி" என்றார். தனியாக அனுப்பினால் வழியில் எந்தெந்தக் கடை இழுக்குமென்று எனக்குத் தெரியாதா? கூடவே போனேன்.

வாசலில் இவருக்குக் கால் நகரவில்லை. தெரிந்தவர்கள் இருப்பார்களாம், தலை வலிக்கிறதாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்! அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! இப்பத்தான போன் பண்ணோம்!"

யூனிஃபார்ம் செய்த வேலை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய் உள்ளே ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருந்தார். இவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கூட்டத்திலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

"ஏங்க, கை ஆடுதே" என்றேன் மெதுவாக.

"மோட்டார் சக்கரத்தைக் கையால வாட்ச்மேன் சுத்தட்டும். நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

மோட்டார் இருப்பது மொட்டை மாடியில். போகும் முன் என்னை லிஃப்ட் கதவருகே நிறுத்தினார். "உள்ள இருக்கறவங்க பயத்துல கதவை இழுப்பாங்க. அதுதான் ஆபத்து. 'பயப்படாதீங்க, நீங்களா கதவைத் திறக்காதீங்க, நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இரு. பேச்சை மட்டும் விட்டுடாத."

வாயை மூடு என்று கேட்டே பழகியவள் நான். பேசு என்று அவர் சொன்னது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை.

பேசினேன். அவர் சொல்லிக்கொடுத்தது தீர்ந்தது, வெயில் தீர்ந்தது, விலைவாசி தீர்ந்தது. பேச்சை விடக் கூடாதே! பூங்கா, பெட்டி, நான் அழுதது எல்லாவற்றையும் முகம் தெரியாத அந்த அம்மாவிடம் கொட்டிவிட்டேன்.

"மத்தியானம் போன் பண்ணது நீங்கதானாம்மா?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கூட்டம் நடக்கிற ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு. நான் வெளிய வந்தாத்தான் கூட்டம்."

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி நின்றது. இவர் கீழே வந்து கதவைத் திறந்தார். ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் பெரிய டீ ஃபிளாஸ்க்கோடு அக்கா வெளியே வந்தார்.

"சரி, வேலை முடிஞ்சுது. வா, போலாம்" என்றார் இவர் என்னிடம். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா ஃபிளாஸ்க்கை நீட்டினார். "தம்பி, காலெல்லாம் வெடவெடங்குது. இதை மேல வரைக்கும் தூக்கிட்டு வாங்க."

எப்படி மறுப்பது? வாங்கினார். ஃபிளாஸ்க் அவர் கையில் ஆடியது. அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் ஆடும். ஊசியில நூல் கோக்க முடியாது" என்றார் அக்கா.

"நீங்களுமா?"

"துண்டுத்துணி மூட்டைக்குள்ள பாட்டிலை ஒளிச்சு வெச்சுக் குடிச்சவ தம்பி நான். ஏறுங்க, டீ ஆறிடும்."

ஏறினார். உள்ளே குடித்துப் பட்டவர்களுக்கு மட்டும்தான் இடம். நான் வெளியே படியில் உட்கார்ந்தேன். நிஜ மெக்கானிக் வந்து, ஆளில்லாத லிஃப்டைப் பார்த்து விழித்துவிட்டு, அதைச் சரிசெய்து போனார். கூட்டம் முடிந்து வெளியே வந்த இவருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அடுத்த வாரம் டீ நான் கொண்டு வரணுமாம்" என்று அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பைக் கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

வாரம் தவறாமல் போனார். கை நடுக்கம் நின்றது, வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் குடி லேசில் விடுமா? ஒரு விடுமுறை நாள் மத்தியானம், ஷூவை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே எங்கே கிளம்புகிறார் என்று புரிந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"பயப்படாதீங்க தம்பி. நீங்களா கதவைத் திறக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன். பேச்சை மட்டும் விட்டுடாதீங்க."

பேசினார். வெயிலைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, மகளின் பரீட்சையைப் பற்றி. பேசிக்கொண்டே குனிந்து ஷூவைக் கழற்றினார்.

அந்த மகராசி நல்லா இருக்கணும்.