குப்பையை எடுக்காத அன்புசெல்வி

கண்கள் இரண்டையும் மூக்கையும் வாயையும் முதலில் வெட்டி எடுத்துத் தனியாக வைத்துவிடுவார் அன்புசெல்வி. அதற்குப் பிறகுதான் மிச்சமுள்ள முகத்தின்மேல், புகைப்படத்தை எண்ணெய் ஓவியம் போல மாற்றும் பில்டரை ஏற்றுவார். "முழு மூஞ்சிமேலயும் ஏத்துனா சேத்துல வுழுந்து எழுந்த மாதிரி ஆயிடும் சார். கம்ப்யூட்டருக்குக் கண்ணும் ஒண்ணுதான், கன்னத்து மச்சமும் ஒண்ணுதான்." கன்னமும் நெற்றியும் தீற்றல்களாக மாறியபின், எடுத்துவைத்த கண்களை அதனதன் இடத்தில் திரும்பப் பொருத்துவார். அப்புறம் கம்ப்யூட்டரோடு இணைத்த, பேனாவால் வரையும் பலகையை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு தீற்றலாகக் கையால் இழுக்கத் தொடங்குவார். முடி என்றால் முடி ஓடும் திசையில். கன்னம் என்றால் அதன் வளைவோடு. கடல் என்றால் படுக்கையாக. கை இப்படி ஓடும்போது வாய் சும்மா இருக்காது. யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கும்.

பாண்டிச்சேரியின் உப்பளம் பகுதியில், பாவாவின் டிஜிட்டல் அச்சுக்கடையில் இந்த வேலையைப் பதினோரு வருடமாகச் செய்கிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். தலைமுடியைப் பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருப்பார். என் புத்தக அட்டைகள் அங்கேதான் அச்சாகின்றன என்பதால், காத்திருக்கும் நேரத்தில் அவருடைய கோபங்களை வரிசையாகக் கேட்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

மஞ்சள் சுவர் அதில் முதலாவது. வெள்ளைக்காரத் தெருவின் மஞ்சள் சுவரோரம் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, "பெயிண்டிங் மாதிரி பண்ணிக் குடுங்க" என்று வாரத்துக்கு நான்கு ஜோடிகளாவது வருகிறார்கள். "இந்த மஞ்சச் செவுரு இல்லன்னா பாண்டிச்சேரியே கெடையாதா? நாங்கள்லாம் எங்க இருக்கோம்?" என்று திரையைப் பார்த்தே கேட்பார். அந்த ஜோடி பக்கத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது கோபம் நிறம். பெண்ணின் படத்தைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் செவப்பா காட்டும்மா" என்று ஒரு தகப்பன் கேட்டார். "கறுப்பா இருக்கறதுதான் சார் பெயிண்டிங்ல நிக்கும். நீங்க சொல்ற கலர்ல பண்ணா மைதா மாவு மாதிரி இருக்கும்" என்றார் அன்புசெல்வி. தகப்பன் எழுந்து போய்விட்டார். "அன்பு, கஸ்டமர்மா" என்று உள்ளேயிருந்து பாவாவின் குரல் வந்தது. அறுபது வயதான பாவா யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து இந்த அம்மாள் உயர்த்திவிடுவார்.

இவையெல்லாம் பொழுதுபோகும் கோபங்கள். உண்மையான கோபத்தைப் போன கோடையில்தான் பார்த்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதியின் மேலாளர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மென்மையான பேச்சு, உட்காரச் சொன்னபிறகு உட்காரும் மனிதர். டிரோனில் எடுத்த ஒரு கடற்கரைப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். "டைனிங் ஹாலுக்கு மேடம். பன்னெண்டு அடி. பழைய பிரெஞ்சு பெயிண்டிங் மாதிரி வேணும். சாப்பிட வர்றவங்களுக்கு மனசு அமைதியா இருக்கணும்."

அன்புசெல்வி படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது.

"பிள்ளைச்சாவடி" என்றார்.

மேலாளருக்குச் சந்தோஷம். "கரெக்டா சொல்லிட்டீங்களே! எங்க ரிசார்ட்டுக்குப் பக்கத்துலதான். இந்தக் கரையோரம் இருக்கற குப்பைய மட்டும் எடுத்துட்டு ரெண்டு தென்னமரம் வெச்சிடுங்க."

"எந்தக் குப்பை சார்?"

அவர் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். கடல் அரித்துச் சாய்ந்த வீடுகளின் வரிசை அது. கூரையில்லை, வாசலில்லை. நடுவில் ஒரு நீலச் சுவர் மட்டும் தனியாக நின்றிருந்தது. விரல் அதன்மேல்தான் இருந்தது.

"அது எங்க அடுப்படி சார்."

மேலாளர் விரலை எடுத்துக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "சாரி மேடம், எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "ஆனா சாப்பிடற எடத்துல இடிஞ்ச வீட்ட மாட்ட முடியாது இல்லைங்களா?" என்றும் சொன்னார்.

அவர் போனபிறகு அன்புசெல்வி என்னிடம் பேசினார். பேசினார் என்பது சரியில்லை, என்மேல் கொட்டினார். "மொதல்ல மணலு போச்சி. அப்புறம் வலை ஒணத்துற எடம் போச்சி. ஒரு ஐப்பசியில முன்ரூம்பு போச்சி. நானும் எங்கம்மாவும் பாத்திரத்த எடுத்துக்கினு ஓடியாந்தோம். அந்த வூட்ட எத்தினி பேரு போட்டோ புடிச்சிருப்பான் தெரியுமா சார்? பேப்பர்காரன், காலேஜ் பசங்க, ஆபீசருங்க. ஒருத்தன்கூட ஒரு மூட்டை மண்ணு கொண்டாந்து கொட்டல. இப்ப இன்னொருத்தன் போட்டோ புடிச்சி, அதையும் எடுத்துடுன்றான்."

பேப்பர்காரன் என்றபோது என்னை ஒருமுறை பார்த்தார். நானும் பத்திரிகைகளில் எழுதுகிறவன்தான்.

உப்பளத்திலேயே வாடகை வீட்டில் அவரோடு இருக்கும் அம்மா அஞ்சலாட்சிக்கு விஷயம் தெரிந்தபோது, "எடுத்துத் தொலையேன்டி. அந்தச் செவுரு நின்னா என்னா, வுழுந்தா என்னா?" என்றாராம். அன்றிரவு அம்மாவோடும் சண்டை.

ஆறு நாள் அந்தப் படத்தைச் செய்தார். கடலை மட்டும் இரண்டு நாள். கரையேற்றிய படகுகளின் சிவப்பும் பச்சையும் ஈரத்தோடு இருந்தன. கடைசியாகச் சுவருக்கு வந்தார். டிரோன் அவ்வளவு கிட்டப் போகவில்லை. புகைப்படத்தில் அது வெறும் நீலச் சதுரம். அன்புசெல்வி அதில் அடுப்பு இருந்த இடத்துக் கரியை வைத்தார். கரண்டி மாட்டும் ஆணிகள் இரண்டு வைத்தார். அஞ்சறைப் பெட்டி இருந்த மாடத்தைக் குழித்தார். அந்த ஒருநாள் மட்டும் அவர் யாரையும் திட்டவில்லை.

மேலாளர் வந்து பார்த்தார். "அடேங்கப்பா" என்றார். கடலைப் புகழ்ந்தார், படகுகளைப் புகழ்ந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சுவரைக் காட்டினார். அன்புசெல்வி பேனாவை அவரிடம் நீட்டினார். "நீங்களே எடுங்க சார்." அவர் வாங்கவில்லை. பாவாவைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பகல் நான் கடையில் இருந்தேன். கேன்வாஸ் துணியில் அச்சடிக்கும் பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த அன்புசெல்வி அதன்முன் நின்றார். அவருடைய வானம் விரல் விரலாக வெளியே வந்தது. பிறகு அவருடைய கடல், அவருடைய படகுகள். சுவர் வரவேண்டிய இடத்தில் இரண்டு தென்னைமரங்கள் வந்தன. ஒரே மரத்தை இரண்டு தடவை வைத்திருந்தார்கள். விடுதிக்காரர்கள் வேறெங்கோ கொடுத்துப் பத்து நிமிடத்தில் சுவரை எடுக்கவைத்திருக்கிறார்கள். அச்சடிக்க மட்டும் அவ்வளவு அகலமான இயந்திரம் பாவாவிடம்தான் உண்டு.

"பாய், படத்தோட ஃபைல நீங்கதான் அவங்களுக்குக் குடுத்தீங்களா?"

பாவா துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவங்க மெனு கார்டுலேருந்து எல்லாம் நம்மகிட்டதாம்மா போடறாங்க. கடை நடக்கணும்ல."

அன்புசெல்வி அழுவார் என்று நினைத்தேன். அவர் தென்னைமரத்தைச் சுட்டிக் காட்டினார். "நெழலு கடல் பக்கம் வுழுது. காலையில புடிச்ச போட்டோ இது. எவன் வூட்டுல சூரியன் மேற்க மொளைக்குது?" குரல் கடைக்கு வெளியே கேட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு பாவாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வேலையை நிறுத்தவில்லை. வந்த கண்களை வெட்டிவைத்து, திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து விடுதியிலிருந்து போன் வந்தது. கேன்வாஸ் தொய்ந்துவிட்டதாம், வந்து இழுத்துக் கட்டவேண்டுமாம். பாவா கருவிப் பெட்டியை எடுத்தபோது, "நான் வரேன்" என்றார் அன்புசெல்வி. அந்த இரண்டு வாரத்தில் பாவாவிடம் பேசிய முதல் வார்த்தை. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை இருந்ததால் நானும் அவர்களுடைய வேனில் தொற்றிக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பகலுணவு நடந்துகொண்டிருந்தது. படம் அழகாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அன்புசெல்வி முக்காலியில் ஏறித் துணியை இழுத்துப் பிடிக்க, பாவா பின்பக்கச் சட்டத்தில் ஸ்டேப்ளர் ஊசி அடித்தார். அடுத்த மேசையில் ஒரு பெண் கையில் கரண்டியோடு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூப்பரா இருக்கு. இது எந்த ஊரு பீச்?" என்று மேலாளரைக் கேட்டார்.

"ஊரெல்லாம் இல்ல மேடம். ஆர்ட்டிஸ்டோட கற்பனை."

அன்புசெல்வி முக்காலியிலிருந்து இறங்கினார். பாவா, "அன்பு" என்றார். அவர் மேசைகளுக்கு நடுவே நடந்து வடக்குச் சுவருக்குப் போனார். அந்தச் சுவர் முழுவதும் ஒரு கனத்த திரை தொங்கியது. "மேடம், அந்தப் பக்கம் தொறக்கறதில்ல" என்று மேலாளர் பின்னாலேயே வந்தார். அன்புசெல்வி திரையை முழுவதும் இழுத்தார். கண்ணாடிக்கு வெளியே கருங்கற்கள், கற்களைத் தாண்டி அலை, அலை அடிக்கும் இடத்தில் நீலச் சுவர்.

திரை கம்பியில் நிற்காமல் மூடிக்கொள்ளப் பார்த்தது. அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, படத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து சன்னலுக்கு வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.