அச்சுக்குப் பின்னால் ஓர் இருக்கை

பள்ளத்தாக்கு ஊரான லெம்பா பெர்த்தாமிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிவந்த லாரியை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இறங்காமலே சொன்னார். “பெருமாளண்ணே, கதிரு போயிட்டாருண்ணே. காலையில பம்ப்பு கழட்டிக்கிட்டு இருந்தவரு நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு லா.” சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. நான் செத்தால் இந்த மனிதர் லாரியை நிறுத்துவாரா என்ற எண்ணம்தான் வந்தது.

அஞ்சலி எழுத வந்தவன் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் கேட்கலாம். கதிர்வேலுவோடு பழகியவர்கள் நீங்கள். உங்களிடம் நடிக்க முடியாது. ஒரே பட்டறையில் பன்னிரண்டு வருடம் அவர் பக்கத்தில் நின்றேன். பன்னிரண்டு வருடமும் எனக்கு வயிறு எரிந்தது. என்னைவிட ஆறு வயது இளையவர். நான் மூன்று முறை கழற்றி மாட்டும் இயந்திரத்தை அவர் காதை வைத்துக் கேட்டே சரி செய்துவிடுவார். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக்கூட, கத்தரி மழுங்கினாலும் கதிரு, கதவு தொங்கினாலும் கதிரு. நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்ட நிர்வாகியான துரை ஒரு மூன்று சக்கர மோட்டார் வாங்கி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பூசணிக்காய் போல ஊதிய டயர்கள். எந்தச் சேற்றிலும் போகும். “மண்ணோட மல்லுக்கட்டக் கூடாதுண்ணே, அது மேல மெதக்கணும்” என்பார் கதிர்வேலு, அந்த டயர்களைத் தட்டிக்கொண்டே. ஆனால் ஓட்டுகிறவர் ஒருவர் மட்டுமே உட்காரலாம். மழைக்காலத்தில் மேல் டிவிஷனுக்கு லாரி ஏறாது. நோயாளிகளைச் சாக்குத் தூளியில் போட்டு நாலு பேர் தூக்கி வருவார்கள். இன்னோர் இருக்கை வைத்தால் அதில் இறக்கிவிடலாம் என்று கதிர்வேலு துரையிடம் போய்க் கேட்டார். அந்த எண்ணம் எனக்கு வராமல் போனதே என்று நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பழைய ஜீப்பின் இருக்கையை எடுத்து, இரும்புக் குழாயை வளைத்து, பின்சக்கர அச்சுக்குப் பின்னால் வைத்து வெல்டிங் செய்தார். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் விழுந்தால் மேட்டில் முன்சக்கரம் தூக்கும். அவ்வளவு கெட்டிக்காரர் எப்படி இதைக் கவனிக்காமல் விட்டார் என்று தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி பாக்கியம் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் வீடு மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில்தான். அது தெரிந்தும் திறக்கவில்லை.

மறுநாள் சோதனை ஓட்டம். துரை பார்த்துக்கொண்டிருக்க, கதிர்வேலு ஓட்ட, தோட்டத்துக் கணக்கர் பெரிய கிராணி பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஆலைக்குப் பின்புற மேட்டில் பாதிகூட ஏறவில்லை, முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. இரண்டு பேரும் சேற்றில் புரண்டார்கள். முதலில் சிரித்தவன் நான்தான். சனிக்கிழமைக்குள் அந்த இருக்கையைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

அன்று வேலை முடிந்ததும் கதிர்வேலு எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கையில் சிராய்ப்பு.

“அண்ணே, மேட்டுல தூக்கிருது. எங்க தப்புன்னு பிடிபடல லா. நீங்க பாத்தா சொல்லிருவீங்க.”

“எனக்கென்ன தெரியும்? நீதானே கெட்டிக்காரன், தம்பி.”

தேத்தண்ணி கொண்டுவந்த பாக்கியம் நின்றாள். “முதுகுல கொழுந்துக் கூடை நெறஞ்சதும் மேட்டுல நாங்க நிமுந்துக்கிட்டா ஏறுறோம்? நிமுந்தா மல்லாக்க விழ வேண்டியதுதான். முன்னுக்குக் குனிஞ்சுதானே ஏறுறோம். அந்த மோட்டாரையும் குனிய வைங்க, தம்பி.”

கதிர்வேலு பாதித் தேத்தண்ணியோடு எழுந்து ஓடினார். எனக்கு அவள்மீது வந்த கோபத்தை என்ன சொல்ல? என் வீட்டுப் புத்தி என் கண் முன்னாலேயே அவரிடம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட்டார். இருக்கையை அச்சுக்கு முன்னால் நகர்த்தி, பின்பக்கம் பார்த்தபடி திருப்பி வைத்தார். “மேட்டுலேருந்து எறங்குறப்போ முதுகு சாஞ்சுக்கலாம்லண்ணே.” கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் சும்மா கிடந்த பழைய எடைக்கற்கள் இரண்டை முன்சக்கரத்துக்கு மேலே பூட்டினார். அதே மேடு, அதே கிராணி. மோட்டார் அலுங்காமல் ஏறியது. யார் யோசனை என்று துரை கேட்டார்.

“பெருமாளண்ணன் சொன்னதுங்க தொரை.”

துரை என் கையைக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை. அடுத்த வருடம் தலைமை ஃபிட்டர் வேலை எனக்கு வந்தபோது, அந்த மோட்டாரைத்தான் துரை முதலில் சொன்னார். அப்போதும் நான் மறுக்கவில்லை.

அந்த டிசம்பர் மழையில் பாக்கியத்துக்கு நடுப்பகலில் வலி எடுத்தது. லாரி இரண்டாம் வளைவிலேயே புதைந்து நின்றது. கதிர்வேலு மோட்டாரோடு மேலே வந்து, அவளை உட்காரவைத்து, சேலை ஒன்றால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார். எனக்கு இடமில்லை. பின்னாலேயே ஓடினேன். பின்பக்கம் பார்த்த இருக்கை. அவள் என்னைப் பார்த்தபடியே தூரம் போய்க்கொண்டிருந்தாள். நான் வழுக்கி விழுந்தபோது, அத்தனை வலியிலும், “பாத்து வாங்க!” என்று கத்தினாள். என் மனைவியையும் பிள்ளையையும் இன்னொருவர் காப்பாற்றிக்கொண்டு போகிறார், நான் சேற்றில் கிடக்கிறேன். கடவுளைக் கும்பிட வேண்டிய அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து டயரில் சேறு வழித்துக்கொண்டிருந்தார். “பொம்பளப் புள்ளண்ணே. ஒங்க மூக்கு” என்றார். என் மகள் பிறந்த செய்தியையும் அவர் சொல்லித்தான் கேட்டேன். அவளுக்கு இப்போது ஆறு வயது. கதிர் சித்தப்பா என்றால் என் மடியிலிருந்து இறங்கி ஓடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் லெம்பா பெர்த்தாமில் தனிப் பட்டறை போடக் கிளம்பினார். மோட்டார் அதற்குள் துருப்பிடித்து ஓய்ந்திருந்தது. அதிலிருந்து ஓர் எடைக்கல்லைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அன்றுதான் கேட்டேன், துரையிடம் ஏன் என் பெயரைச் சொன்னாய் என்று.

“அண்ணி சொன்னா என்ன, நீங்க சொன்னா என்ன?” என்றார். கையில் ஒட்டிய துருவைத் துடைத்துக்கொண்டே, “நான் வெல்டிங் வைக்கிறப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல? மொகத்துல பாத்தேன். ஆனா என்னன்னுதான் எனக்குப் பிடிபடல. சொல்லுவீங்கன்னு ரொம்ப நேரம் மெதுவாத்தான் வச்சேன்” என்றார். குரலில் துளிக் குறையும் இல்லை. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நண்பர்களே, அந்த யோசனை பாக்கியத்துடையது. வேலை கதிர்வேலுவுடையது. இருவருக்கும் வர வேண்டிய பெயரை இத்தனை நாள் நான் வைத்திருந்தேன்; இன்று திருப்பித் தருகிறேன். அந்த எடைக்கல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன். காற்றில் அடிக்காமல் எங்கள் கதவை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் என் காலில் இடிக்கும். இடிக்கட்டும்.

தம்பி, அன்று நீ மெதுவாக வெல்டிங் வைத்துக்கொண்டு, நான் சொல்வேன் என்று காத்திருந்தாயே, அதை இப்போது சொல்கிறேன். இருக்கை அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. மேட்டில் முன்சக்கரம் தூக்கும். கொஞ்சம் முன்னால் நகர்த்தி வை.